அகவொளியும் பிணிநீக்கமும்

சந்தைக்கு வந்த பொருளுக்கு விலை ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. சந்தைக்கு வந்த சொல்லுக்கோ இறக்கம் மட்டுமே உண்டு. 'குணமாதல்', 'விடுதலை', 'ஒளி' என்னும் மூன்று சொற்களும் இன்று அந்நிலையில் நிற்கின்றன. கிறித்தவ ஆன்மிகத்தின் உயிர்நாடியாக விளங்கிய இச்சொற்கள், சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டிகளில் ஏறிவிட்டன. நோயாளி மேடையேறி ஊன்றுகோலை வீசியெறியும் காட்சிக்கு அவை பெயராகிவிட்டன. நம்பினால் நோய் தீரும். நோய் தீராவிட்டால் நம்பிக்கை இல்லை என்று பொருள். இதுவே அத்தகைய மேடைகள் பலவற்றிலும் ஒலிக்கும் வாய்பாடு.

இவ்வாய்பாடு பிழையானது. மருத்துவ நூலின் நோக்கில் மட்டுமன்று, கிறித்தவ மறைநூலின் நோக்கிலேயே பிழையானது. அகவொளி பெறுதல் என்பது ஒன்று. உடற்பிணி நீங்குதல் என்பது வேறொன்று. இரண்டும் ஒருவரிடத்தே கூடுவதும் உண்டு, கூடாமற்போவதும் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவோர் ஆன்மிகத்திற்கும் தீங்கு செய்கின்றனர்; நோயுற்றோர்க்கும் தீங்கு செய்கின்றனர்.

நோயுற்றவர் இறைவனை வேண்டுவதை எவரும் பழித்தல் ஆகாது. மருந்து உண்ணும் வாய் மன்றாட்டையும் கூறலாம். அதில் முரண் ஏதுமில்லை. இங்கே மறுக்கப்படுவது வேண்டுதல் அன்று, அளவுகோல். உள்ளத்தில் ஒளி உண்டா இல்லையா என்பதைக் கால் நடக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு அளக்கும் அந்த அளவுகோலே மறுக்கப்படுகிறது.

இருவகைப் பழி

இஃது ஆலயத்திற்குள் தீர்த்துக்கொள்ளவேண்டிய வழக்கு, தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். வேலை உண்டு. பிறவியிலேயே கால் வளைந்த மாணவன் ஒருவனையும், வலிப்பு நோய்க்கு ஆளான மாணவி ஒருத்தியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் இத்தகைய குழந்தைகள் இல்லாத பள்ளி அரிது. அவர்தம் இல்லத்திற்கு இருவகை அறிவுரையாளர் வருகின்றனர். ஒருவர், 'இது முற்பிறவியில் செய்த தீவினையின் பயன்' என்கிறார். மற்றவர், 'உங்கள் விசுவாசம் போதவில்லை; வீட்டில் ஏதோ பாவத்தை மறைத்து வைத்திருக்கிறீர்கள்' என்கிறார். இவ்விருவரும் கடவுளைப் பற்றியும் உயிரைப் பற்றியும் எந்தக் கருத்திலும் ஒத்துப்போவதில்லை. ஆயினும் ஒன்றில் மட்டும் கைகோத்து நிற்கின்றனர். துன்புறுவோனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் இருவரும் ஒருவரே.

பழிச்சொல்லோடு இது முடிவதில்லை. மாத்திரையை நிறுத்துவதே நம்பிக்கையின் அடையாளம் என்று சில பெற்றோர் எண்ணத் தலைப்படுகின்றனர். வலிப்பு நோய்க்குரிய மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக மீளும். உயிருக்கே இறுதியாகவும் முடியும். மேடையில் கைதட்டல் பெற்ற ஒரு வாக்கியம் ஒரு குழந்தையின் உயிரை விலையாகக் கேட்குமாயின், அதனைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் கற்றவர்க்கு அழகன்று.

இவ்விருவகைப் பழியையும் கிறித்தவ மறைநூல் ஏற்கின்றதா? யோவான் எழுதிய நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் இதற்கு நேரான விடை கூறுகிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, இவனைப் பெற்றோர் செய்ததா என வினவினர். இரண்டுமன்று என்பதே இயேசு அளித்த மறுமொழி. நோய்க்குக் காரணம் தேடித் துன்புறுவோனைச் சுட்டும் விரலை, அவர் தம் சீடரிடத்திலேயே மடக்கினார். அவர் பெயரால் பேசுவோர் அவ்விரலை மீண்டும் நீட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

பவுலின் வாழ்வு இன்னும் தெளிவான சான்று. அவர் தம் உடலில் தைத்த முள் என்று கூறிய ஒரு துன்பம் நீங்கவேண்டுமென்று 3 முறை வேண்டினார். அது நீங்கவில்லை, அதனைத் தாங்குதற்குரிய அருள் போதும் என்னும் மறுமொழியே கிடைத்தது. இதனைக் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் மடலில் அவரே வெளிப்படையாக எழுதிவைத்தார். நோய் தீராதவர் எல்லாரும் நம்பிக்கையற்றவர் என்று முழங்குவோர், பவுலையும் அப்பட்டியலில் சேர்க்கத் துணிவாரா?

மூன்றாவது சான்று லூக்கா எழுதிய நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தொழுநோயாளர் 10 பேர் நலம் பெற்றனர். 9 பேர் தம் வழியே சென்றனர். ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி கூறினான். அவனும் யூதர்கள் இழிவாக எண்ணிய சமாரிய இனத்தவன். உடல் நலமுற்றோர் பதின்மர். உள்ளம் திரும்பியவன் ஒருவன். உடல் குணமாவதே அகவொளிக்குச் சான்றாயின், எஞ்சிய ஒன்பதின்மரைப் பற்றி என்ன சொல்வது? கணக்கு அங்கேயே முறிந்துவிடுகிறது.

மதமாற்றமும் மனமாற்றமும்

இனி, எதிர்த்திசையில் நிற்பார் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். கிறித்தவ ஆன்மிக மாற்றம் என்பது பெயரை மாற்றுதல், பொட்டை அழித்தல், தமிழ்ப் பண்பாட்டிலிருந்து விலகிப்போதல் ஆகியவையே அன்றி வேறில்லை என்பது அவர்தம் கருத்து. அவ்வாறு விலகிப்போனவர்கள் இருக்கின்றனர், அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் மரத்தின் இயல்பை உதிர்ந்த சருகினைக் கொண்டு கணித்தல் முறையாகாது.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இம்மாற்றத்தைக் குறிக்கும் சொல் 'மெட்டனோயா' என்பது. மனம் மாறுதல் என்பதே அதன் பொருள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதற்கு 'மனந்திரும்புதல்' என்னும் அரிய சொல்லைத் தந்தனர். திரும்புவது மனம்; பெயரேடு அன்று, உடையும் அன்று.

திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை எனப் பின்னர் அழைக்கப்பட்டபோதும் கிருஷ்ணன் என்னும் பெயரை அவர் துறக்கவில்லை. கம்பனிடத்துக் கற்ற கவிநயத்தையும் துறக்கவில்லை. ஆங்கிலேயராகிய ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையை அடியொற்றி, 3,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களால் அவர் யாத்த 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. தமிழுலகம் அவரைக் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றியது. அகவொளி பெற்றவர் தம் தமிழை இழந்தாரா, அத்தமிழுக்கு மேலும் ஒரு காப்பியத்தை ஈந்தாரா என்பதை இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் அறிவர்.

இதற்கு மறுதலையாகவும் ஒரு சான்று உண்டு. கிறித்தவராகப் பிறந்தோர்க்கு மனந்திரும்புதல் தேவையில்லை என்பது பொருந்தாது. ஐடா ஸ்கட்டர் 1870-இல் இராணிப்பேட்டையில், தலைமுறைகளாகச் சமய மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத்தார் சென்ற வழியில் செல்வதில்லை என்பதே இளமையில் அவர் கொண்ட உறுதி. நோயுற்ற தாய்க்கு உதவ அவர் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஓரிரவில் ஆடவர் மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் தவிக்கும் தம் இளம் மனைவியரைக் காக்க வருமாறு வேண்டினர். ஐடாவோ மருத்துவம் கற்றவரல்லர். அவருடைய தந்தையார் மருத்துவர். எனினும் ஆண் மருத்துவர் தீண்டுவதை அவர்களது வழக்கம் ஒப்பவில்லை. விடிவதற்குள் பெண்கள் மூவரும் இறந்தனர்.

அவ்விரவில் ஐடா மதம் மாறவில்லை, மனம் மாறினார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரு கட்டில் கொண்ட சிறு மருத்துவ அறையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி என்று இன்று உலகறிந்த நிலையம் அதிலிருந்தே வளர்ந்தது. ஆதலின், பிறப்பால் வந்த சமயம் வேறு, விழிப்பால் வந்த ஒளி வேறு என்பது பெறப்படும்.

வேலூரில் விளங்கிய உண்மை

உடல் சீராவதும் மனிதன் சீராவதும் ஒன்றல்ல என்னும் உண்மை, அதே வேலூரில் தொழுநோயாளரிடையே மிகத் தெளிவாக விளங்கியது. மலேசியத் தமிழர்க்குத் தொழுநோய் அயலாரின் செய்தியன்று. சிலாங்கூரின் சுங்கை பூலோவில் 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் சீனரும் மலாயரும் தமிழரும் ஒருங்கே வாழ்ந்தனர். வீட்டாரால் மறக்கப்பட்டு அங்கேயே முதுமையடைந்தோர் பலர். நோயைவிட நோயின் பெயரே கொடிது என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.

இந்நோய் ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். ஆயினும், சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்னும் எண்ணம் மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நீடித்தது. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் அதனை மாற்றினார். அவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அவர் தந்தையார் ஜெசி பிராண்ட் அம்மலைவாழ் மக்களுக்குத் தொண்டாற்றி 1929-இல் காய்ச்சலால் அங்கேயே உயிர்நீத்தவர்.

தொழுநோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. உணர்ச்சியற்ற கை, சூட்டையும் கூர்மையையும் அறியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே தேய்கிறது. இதுவே பிராண்ட் நிறுவிய உண்மை. இரவில் உறங்கும் நோயாளரின் விரல்களை எலிகள் கடித்தபோதும் அவர்கள் விழிக்கவில்லை. இதனை அறிந்தபின், நோயாளர்க்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. மடங்கிய விரல்களை நிமிர்த்தவும் அவர் வழி கண்டார். கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கையின் சில தசைகள் வலிமையோடு இருக்கும். அத்தசையின் நாணை விரலோடு இணைத்தால் விரல் மீண்டும் நிமிரும். வலியை இறைவன் தந்த தண்டனை என்று பலரும் பேசிவந்த உலகில், வலி ஒரு கொடை என்று பிராண்ட் எழுதினார். வலியை இழந்தோரின் கைகளைத் தம் கையால் ஏந்தி நோக்கியமையால் அவர் கண்ட தெளிவு அது.

இதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. கை நிமிர்ந்து வீடு சென்றவருள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள் நிமிர்ந்த கையைக் கண்டு இடவில்லை. தொழுநோயாளர் என்னும் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தமையால் வேலை தருவாருமில்லை. உடல் சீராயிற்று, வாழ்வு சீராகவில்லை. மேடைக் கூட்டமாயின், நிமிர்ந்த விரலைக் காட்டிக் கைதட்டல் பெற்று, அடுத்த ஊருக்குச் சென்றிருக்கும். வேலூர் அன்பர்கள் அவ்வாறு செய்யவில்லை. நவ ஜீவ நிலையம் என்னும் பெயரில் குடில்கள் அமைத்து, தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்து, தாமும் மனிதரே என்னும் நினைவை அவர்களுக்கு மீட்டுக் கொடுத்தனர். புதுவாழ்வு என்பது அப்பெயரின் பொருள். அறுவை மருத்துவன் கத்தியால் தரமுடியாத நலம் ஒன்று உண்டு என்பதை அப்பெயரே உணர்த்தும்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

எனினும் இக்கட்டுரையின் கருத்துக்கு முழுச்சான்றாக நிற்பவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925-இல் கொச்சியில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்றவர். 1954-இல் இளம் மருத்துவர்களோடு அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முதுகுத் தண்டு சிதைந்து, இடுப்பின் கீழ் உணர்வும் அசைவும் அற்றன. முகத்திலும் பெருங்காயம். 30 வயதை எட்டுமுன் இந்நிலை.

அவர் எழுந்து நடக்கவில்லை. வாழ்நாளின் இறுதிவரை நடக்கவில்லை. வாய்பாட்டின்படி நோக்கினால் அவர் விசுவாசம் குறைந்தவர்! ஆயின் நிகழ்ந்தது என்ன? உட்கார்ந்தவாறே கை அறுவை செய்யலாமே என்று பால் பிராண்ட் வழிகாட்ட, மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கினார். தம் கால்கள் இயங்காத ஒருவர், பிறர் கைகளை இயங்கச் செய்தார். அதனோடும் அமையவில்லை. தம்மைப்போல் முடங்கியோர்க்கு வாழ்வளிக்கும் கலையை ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று, 1963-இல் வேலூர் திரும்பி, உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்திய அரசு 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் மறைந்தார்.

விபத்துக்குள்ளானோர் அந்நிலையத்திற்கு வந்தபோது அவர்களை வரவேற்றவர், அவர்களைப்போலவே நாற்காலியில் அமர்ந்த மருத்துவர். 'நீ எழுந்து நடப்பாய்' என்று பொய்யான நம்பிக்கை தர அவருக்குத் தேவையிருக்கவில்லை. 'நடக்காமலும் வாழலாம், பிறரை வாழவைக்கவும் செய்யலாம்' என்பதற்கு அவர் வாழ்வே உரையாயிற்று. இதற்கு மேலான பிணிநீக்கம் எது? நடவாத காலோடு கசப்பும் வெறுப்பும் கூடியிருக்குமாயின் அது இரட்டை நோய். கால் நடவாதிருக்க, கசப்பு நீங்கி அன்பு சுரக்குமாயின் அதுவே உள்ளத்தின் குணம். கிறித்தவ மரபு அதனையே புதுப்பிறப்பு என்கிறது.

எழக்கூடிய தடைகள்

'இவை யாவும் சமூகத் தொண்டு. இதில் ஆன்மிகம் எங்கே?' என ஒரு தடை எழலாம். தொழில் திறமை கையைத் திருத்தும், அருவருப்பை அகற்றாது. தொழுநோயாளரின் புண்ணைத் தொட அஞ்சி விலகியோருள் கல்வியறிவு மிக்கவர்களும் இருந்தனர். அவர்களிடம் குறைந்தது நூலறிவு அன்று, உள்ளத்தின் வெளிச்சம். அச்சமென்னும் இருளை அகற்றிக் கையை நீட்டச் செய்த ஆற்றலையே அத்தொண்டர்கள் கிறித்துவின் ஒளி என்றனர். அவர்கள் தந்த பெயரை மறைத்துவிட்டு வினையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

'மருத்துவம் செய்வதுபோல் மதம் பரப்பினர்' என்பது இரண்டாவது தடை. இது வலுவுடைய தடை. காந்தியடிகளே இதனை வெளிப்படையாகக் கூறிக் கண்டித்தார். நோயாளியின் இயலாமையைப் பயன்படுத்தி அவன் சமயத்தைப் பேரம் பேசுவது எங்கு நிகழ்ந்தாலும் கண்டனத்திற்குரியது. மேடை வாணிகமும் அவ்வாணிகமும் ஒரே கடையின் இரு சரக்குகள். கைம்மாறு கருதாத தொண்டே ஒளியின் அடையாளம். அதே காந்தியடிகள், சேவாகிராம ஆசிரமத்தில் தொழுநோயுற்ற வடமொழி அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரியாரைத் தம் கையாலேயே தேய்த்துப் பேணினார். ஒளி ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதற்கு அது சான்று. கிறித்தவர் தம் விளக்கைத் தம் கிணற்றடியிலும் ஏற்றலாம். பிறர் விளக்கை அணைத்துத்தான் ஏற்றவேண்டும் என்பதில்லை.

'அப்படியாயின் அற்புதமே இல்லையா?' என்பது மூன்றாவது தடை. நற்செய்தி நூல்களில் அற்புதங்கள் உண்டு, நம்புவோர் நம்புக. ஆனால் நலம் பெற்றோர் பலரிடம், அதனை எவர்க்கும் சொல்லவேண்டாம் என்று இயேசு கட்டளையிட்டதாகவும் அந்நூல்களே கூறுகின்றன. விளம்பரம் வேண்டாம் என்றவர் பெயரால் சுவரொட்டி ஒட்டுவதை என்னென்பது!

ஆசிரியர் கடன்

தமிழாசிரியர்க்கு இதில் கடன் மூன்று உள. மாணவன் ஒருவனின் நோய்க்கு அறக்காரணம் கற்பிக்கும் பேச்சு, எச்சமயத்தின் பெயரால் வந்தாலும், வகுப்பறையின் வாயிலைத் தாண்ட விடலாகாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அறிவுரை ஒரு மாணவன் வீட்டை எட்டியதாக அறிந்தால், அவன் பெற்றோரை அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். ஊனமுற்ற குழந்தையை இரங்கத்தக்க காட்சியாக மேடையில் நிறுத்தாமல், வகுப்பின் பொறுப்புகளில் ஒன்றை அக்குழந்தையின் கையில் ஒப்படைத்தல் வேண்டும். வேலூர் நிலையம் தச்சுளியைக் கொடுத்தது. பள்ளி வருகைப் பதிவேட்டைக் கொடுக்கலாம், நூலகத்தின் சாவியைக் கொடுக்கலாம்.

மாணவர்க்கும் ஒரு சொல்லாராய்ச்சி உண்டு. 'நோய் குணமாயிற்று' என்கிறோம். 'அவர் நல்ல குணமுடையவர்' என்றும் சொல்கிறோம். ஒரே சொல் உடலின் நலத்தையும் உள்ளத்தின் பண்பையும் குறிக்கும் இவ்வழக்கு தமிழர் நாவில் நெடுங்காலமாக நிலைத்துள்ளது. முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை எறிந்துவிட்டோர், சொல்லில் பாதியைத் தொலைத்தவராவர்.

ஊன்றுகோல்கள் எறியப்படும் மேடையில் ஒளி தேடுவோர் தேடட்டும். எறிய முடியாத ஊன்றுகோலோடு நாளை காலை பள்ளிக்கு வரும் குழந்தைக்கு, அது பாவத்தின் அடையாளமன்று என்று எடுத்துரைக்கும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருத்தல் வேண்டும். அவ்வாசிரியர் எச்சமயத்தவராயினும், இயேசு தம் சீடர்க்கு அளித்த விடையையே அக்குழந்தைக்கும் அளிக்கிறார்.